ஒரு சாயல், இரு மூலக்கூறுகள்

பால் திரிந்தபின் பிரியும் தெளிநீரில் பசுமை கலந்த ஓர் இளமஞ்சள் நிறம் தென்படுவதை நம் இல்லத்தரசிகள் அறிவர். ரிபோபிளேவின், அதாவது பி-2 வைட்டமின், தரும் நிறம் அது. அதன் உடன்பிறப்பாக நம் உடலில் உலவும் எப்.எம்.என். என்னும் பொருளுக்கு வாலில் ஒரு பாஸ்பேட் கூடுதல், வேற்றுமை அவ்வளவே. ஒளியை விழுங்கி உமிழும் பகுதி இரண்டிலும் ஒன்றாதலால், சாதாரண விளக்கொளியில் இரண்டும் ஒரே பசுமஞ்சளாய் மின்னும்.

இதைப் படித்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது. டில்லியில் முப்பது ஆண்டுகளாக வாழும் நாமும், மாடியிலுள்ள ஆந்திரரும், எதிர்வீட்டு மலையாளியும் அண்டையாருக்கு மதராஸிகளே அல்லவா? பேசக் கேட்டாலன்றி எங்களைப் பிரித்தறிய இயலாது. விஞ்ஞானிகளும் மூலக்கூறுகளைப் பேசவிட்டே பார்த்தனர்.

ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடியாகக் கூறிட்டால் ஒரு கூறு பெம்டோ வினாடி. அத்தகைய கூறுகளால் அளக்கத்தக்க லேசர் துடிப்பில் பல நிறங்கள் கலந்திருக்கும். அவற்றை விரித்து, சிலவற்றை முந்தவும் சிலவற்றைப் பிந்தவும் செய்து, மீண்டும் சேர்த்தால் துடிப்பின் உருவம் மாறும். மிருதங்கத்தில் அதே சொற்களை இடைவெளி மாற்றி வாசித்தால் வேறு நடை கேட்பதில்லையா, அதுபோல. இவ்வாறு எழுப்பப்பட்ட இரு மூலக்கூறுகளின் அசைவிலும் நுண்ணிய வேற்றுமை தோன்றும். உடனே பின்தொடரும் அகச்சிவப்புத் துடிப்பு, அசைவுக்கேற்ப ஒன்றின் மின்னலை அதிகமாகவும் மற்றதன் மின்னலைக் குறைவாகவும் தணிக்கும்.

எந்த உருவம் பலிக்குமென்று எவரும் முன்கூட்டிக் கணிக்கவில்லை என்பதே நம்மைக் கவர்ந்தது. கணிப்பொறி பலவற்றை முயன்று, தேறியவற்றை ஒன்றோடொன்று கலந்து, தேறாதவற்றைத் தள்ளிவிடுகிறது. லேசருக்கு இப்படிப் பாடம் கற்பிக்கலாமென 1992-இல் ஜட்சனும் ராபிட்ஸும் எழுதினர். ராபிட்ஸும் ஐரோப்பிய நண்பர்களும் இவ்விரு பொருள்களையும் இம்முறையில் பிரித்தறிந்தது 2009-இல். அது கரைசலில் நடந்த சோதனை. பல பொருள்கள் ஒருங்கே மின்னும் உயிரணுவுக்குள் அதனைச் செய்வது இன்னும் கடினம்.

நம் இளைய புதல்வி இத்துறையிலேயே ஆராய்ச்சி செய்ய விழைகிறாள். வங்கித் தேர்வு எழுதினால் போதாதா என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கின்றனர். ஐந்தாறு ஆண்டுகள் உதவித்தொகையில் காலந்தள்ள வேண்டுமே என்ற கவலை நமக்கும் உண்டு. எனினும் நேற்றிரவு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டோம்.