மெக்கானிக், வாத்தியார், தபால்காரர்

எடின்பரோவில் ஒரு தாய் போட்ட கணக்கு பிசகியதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. மகன் பில் ஜெஃப்ரிக்குக் கால்பந்தில் பலமாக அடிபட்டுவிட்டது. ஸ்காட்லாந்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பந்து உருண்டுகொண்டிருக்கும். பையனை வீட்டில் கட்டியா போட முடியும்? அமெரிக்காவில் ஓர் உறவுக்காரர் இருந்தார். அந்த நாட்டில் இந்த ஆட்டத்தைச் சீந்துவாரில்லை என்று அந்த அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். பையனைக் கப்பலேற்றிவிட்டார்.

பொதுவாகப் பார்த்தால் அவர் நினைத்தது சரிதான். ஊரைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறிவிட்டது. பென்சில்வேனியா மாநிலத்தின் அல்டூனாவில் அந்தக் காலத்தில் ரயில் எஞ்சின் பட்டறைகள் பிரம்மாண்டமாக இயங்கின. பட்டறை இருக்கும் இடத்தில் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் இருப்பார்கள், அவர்கள் இருக்கும் இடத்தில் சனிக்கிழமை மாலைக்கு ஒரு பந்தும் இருக்கும். ஜெஃப்ரி ரயில்வே மெக்கானிக் ஆனார். ஆடினார், பிறகு ஆடிக்கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். அவருடைய பட்டறை அணி பக்கத்திலிருந்த பென் ஸ்டேட் கல்லூரியோடு ஒரு பந்தயம் ஆடியது. கல்லூரிக்காரர்களுக்கு எதிரணியைவிட எதிரணியின் பயிற்சியாளரைப் பிடித்துப்போயிற்று. 1926இல் அவரைத் தங்கள் தலைமைப் பயிற்சியாளராகவே அமர்த்திக்கொண்டார்கள்.

‘தலைமைப் பயிற்சியாளர்’ என்றதும் கோட்டும் சூட்டும் கோடிகளில் சம்பளமும் கண்ணில் வந்தால், அது அமெரிக்கக் கல்லூரிகளின் இன்னொரு ஆட்டத்தைச் சேர்ந்தது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. உருண்டைப் பந்துக்காரருக்கு முழுச் சம்பளம் தரக் கல்லூரிக்கு மனம் வரவில்லை. எனவே ஜெஃப்ரி கல்லூரியின் தொழிற்பட்டறையில் மாணவர்களுக்குக் கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்தார். பகலில் இரும்பு, மாலையில் பந்து. 26 ஆண்டுகள் இப்படியே ஓடின.

அந்தக் காலத்தில் 1932 முதல் 1941 வரை அவருடைய அணி தொடர்ந்து 65 ஆட்டங்களில் தோற்கவில்லை. எண்ணைப் பார்த்துப் பிரமிப்பவர்கள் ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து இலையுதிர்காலத்தில் முளைத்துப் பனி விழுவதற்குள் முடிந்துவிடும் பயிர். அன்று பருவத்துக்கு ஏழெட்டு ஆட்டங்கள்தான். ஆக இந்த 65ஐச் சேர்க்க ஒன்பது பருவங்கள் பிடித்தன. அதற்குள் எத்தனை முறை அணியே மாறியிருக்கும்! நான்கு ஆண்டில் எவனும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். தோற்காமல் இருக்கும் வித்தையைத் திரும்பத் திரும்பப் புதுப் பையன்களுக்கு முதல் பாடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பதுதான் கல்லூரிப் பயிற்சியாளரின் பிழைப்பு. தொழில்முறைக் கிளப்பின் பயிற்சியாளர் நல்ல ஆட்டக்காரரை விலைக்கு வாங்கிப் பத்தாண்டு வைத்துக்கொள்ளலாம். இங்கே நன்றாக ஆடுபவன் நன்றாகப் படித்தும் தொலைப்பான்.

1950 உலகக் கோப்பைக்காக அமெரிக்க அணி பிரேசிலுக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில்தான் பயிற்சியாளர் பொறுப்பு ஜெஃப்ரியிடம் வந்தது. அணியை உருவாக்கவெல்லாம் அவகாசம் இல்லை; கிடைத்ததை வைத்துக்கொண்டு கிளம்பினார். கிடைத்தது என்ன? கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கி, செயின்ட் லூயிஸ் நகரில் சவ ஊர்தி ஓட்டுபவர். அதற்குமுன் பேஸ்பால் ஆடியிருந்ததால் பந்தைக் காலால் உதைப்பதைவிடக் கையால் வீசுவதில்தான் அவருக்குக் கெட்டிக்காரத்தனம். வலது பின்களத்தில் ஹாரி கியோ, தபால்காரர். நடுக்களத்தில் வால்டர் பார், பிலடெல்ஃபியாவில் பள்ளிக்கூட வாத்தியார். முன்களத்தில் ஜோ கேட்ஜென்ஸ், ஹைட்டியிலிருந்து நியூயார்க்குக்குப் படிக்க வந்து, செலவுக்காக உணவகத்தில் பாத்திரம் கழுவியவர். அமெரிக்கக் குடியுரிமைகூட இன்னும் வாங்கியிருக்கவில்லை. இவர்களை நடத்திச் சென்றவரோ பட்டறை வாத்தியார்.

எதிரே இங்கிலாந்து. பில்லி ரைட், டாம் ஃபின்னி, ஸ்டான் மார்ட்டென்சன், பிற்பாடு 1966இல் கோப்பையை வாங்கித் தரப்போகும் அணியின் மேலாளரான ஆல்ஃப் ராம்சி. ஸ்டான்லி மேத்யூஸை இந்த ஆட்டத்துக்கு இறக்க வேண்டிய தேவையில்லை என்று வெளியே உட்கார வைத்திருந்தார்கள். ஜெஃப்ரி தன் பங்குக்கு ஒன்று செய்தார். அன்றைக்கு மட்டும் தலைவர் பதவியை வால்டர் பாரிடமிருந்து எடுத்து, எட் மெக்கில்வென்னி என்ற சக ஸ்காட்லாந்துக்காரரிடம் கொடுத்தார். பிரிட்டனின் ரெக்ஸம் கிளப் வேண்டாமென்று அனுப்பிவிட்ட ஆள் அவர். இங்கிலாந்தின் முன்னால் ஒரு ஸ்காட்டை நிறுத்துவதில் இருந்த குறும்பு, எடின்பரோவில் பிறந்த ஒருவருக்குத்தான் தோன்றும்.

ஜூன் 29, பெலோ ஹொரிசாண்டே நகரம். 38ஆவது நிமிடம். மெக்கில்வென்னி எறிந்த பந்தை வாங்கி வால்டர் பார் தொலைவிலிருந்து உதைத்தார். இங்கிலாந்து கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸ் அதைப் பிடிக்க நகர்ந்த சமயத்தில் கேட்ஜென்ஸ் பாய்ந்து தலையைக் கொடுத்தார். பந்து திசை மாறி உள்ளே போனது. மிச்ச நேரமெல்லாம் இங்கிலாந்து உதைத்துக்கொண்டே இருந்தது, சவ ஊர்தி ஓட்டுநர் தடுத்துக்கொண்டே இருந்தார். 1–0.

இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஒரு கதையைத் தவறாமல் சேர்ப்பார்கள். தந்தியில் 1–0 என்று வந்ததை நம்பாமல், ஏதோ ஒரு லண்டன் பத்திரிகை 10–1 என்று இங்கிலாந்து வெற்றியாகத் திருத்தி அச்சிட்டதாம். எந்தப் பத்திரிகை, எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் வராது. அதே கோப்பையின் மறுகோடியில் நமக்கும் இப்படியொரு கதை உண்டு. இந்தியா அந்த 1950 போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தும் போகவில்லை. வெறுங்காலோடு ஆட அனுமதி மறுத்ததால்தான் என்று தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்லி வருகிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடியது உண்மை. ஆனால் பிரேசிலுக்குப் போகாததற்கு நெடும் பயணமும், ஒலிம்பிக்கே பெரிது, உலகக் கோப்பை என்ன பிரமாதம் என்ற அதிகாரிகளின் எண்ணமும்தான் பெரிய காரணங்கள். செருப்பில்லாத கால் ஒரு கதைக்குக் கொடுக்கும் அழகை அலுவலகக் கோப்பு எப்படிக் கொடுக்கும்?

அமெரிக்காவில் இந்த வெற்றியைக் கொண்டாட ஆளில்லை. பிரேசிலுக்கு வந்திருந்த ஒரே அமெரிக்க நிருபரான டென்ட் மெக்ஸ்கிம்மிங், விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்தக் காசில் வந்தவர். அடுத்த ஆட்டத்தில் சிலியிடம் 5–2 என்று தோற்று அணி ஊர் திரும்பியது. தபால்காரர் தபால் பையைத் தூக்கினார், வாத்தியார் வகுப்புக்குப் போனார். ஜெஃப்ரி கல்லூரிக்குத் திரும்பி, மறு ஆண்டு தன் மாணவர் அணியை அரசாங்கத்தின் நல்லெண்ணப் பயணமாக ஈரானுக்கு அழைத்துப் போனார். அங்கே எண்ணெய் வயல்கள் நாட்டுடைமையாகிக் கொந்தளித்துக்கொண்டிருந்த 1951இல்! நல்லெண்ணத்துக்கு வேறு ஊரே கிடைக்கவில்லை போலும். 2005இல் வந்த ஹாலிவுட் படத்தில் ஜெஃப்ரியாக ஜான் ரிஸ்-டேவிஸ் நடித்தார். பட்டறை வாத்தியாருக்கு அவ்வளவு கம்பீரமான குரல் இருந்ததா என்பது வேறு விஷயம்.

ஆனால் சுவையான பகுதி இனிமேல்தான். அந்தப் பதினோரு பேரில் இருவர் ஜெஃப்ரியின் தொழிலுக்கே வந்தார்கள். தபால்காரர் ஹாரி கியோ 1967இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணியை ஏற்றார். அந்த நகரத்தின் கத்தோலிக்கப் பங்குகளில் சிறுவர்களுக்கெனக் கால்பந்துப் போட்டிகள் விடாமல் நடந்துவந்தன. ஆள் தேடி அவர் கப்பலேற வேண்டியதில்லை, தெருமுனை வரை போனால் போதும். உள்ளூர்ப் பையன்களை வைத்தே ஐந்து தேசியப் பட்டங்களை வென்றார். முதல் பட்டத்தில் பாதிதான் அவருடையது: மிச்சிகன் ஸ்டேட்டுடன் நடந்த இறுதி ஆட்டம் யாரும் கோல் போடாத நிலையில் மழையிலும் சேற்றிலும் நின்றுபோக, இரண்டு பேருக்கும் பட்டம் என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு 1969, 1970, 1972, 1973. அதற்கு முன்பு பாப் கெல்கர் வாங்கித் தந்த ஐந்தையும் சேர்த்து அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பத்து. 1973க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இருந்தும் அந்தப் பத்தை இன்னும் யாரும் தாண்டவில்லை.

பட்டியலில் 1971 விடுபட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் கியோவின் அணியை 3–2 என்று வீழ்த்தியது ஹோவர்ட், வாஷிங்டனிலுள்ள கறுப்பினப் பல்கலைக்கழகம். பயிற்சியாளர் லிங்கன் ஃபிலிப்ஸ், டிரினிடாடிலிருந்து வந்த கோல்கீப்பர்; ஆட்டக்காரர்களில் பலர் கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். ஆட்டக்காரர்களின் தகுதி விதிகளைக் காட்டி அந்தப் பட்டத்தைக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பின்னர் பறித்துக்கொண்டது. வெளிநாட்டு மாணவர்களைக் கட்டுப்படுத்திய விதி ஒன்றைப் பிற்பாடு நீதிமன்றம் செல்லாதென்றது. ஆனால் ஃபிலிப்ஸின் பதில் களத்தில்தான் வந்தது. 1974இல் ஹோவர்ட் ஆடிய 19 ஆட்டங்களிலும் வென்றது. கடைசி ஆட்டம் மறுபடியும் கியோவின் அணியோடு, அதுவும் கியோவின் ஊரிலேயே. நான்கு கூடுதல் நேரங்கள் நீண்டு 2–1 என்று முடிந்தது. இதைத் திரைக்கதையாகக் கொடுத்தால், நம்பும்படி இல்லை என்று எந்தத் தயாரிப்பாளரும் திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்தியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜெரி யேக்லி பட்ட பாடு வேறு வகை. 1963இல் அவர் வந்தபோது கால்பந்து அங்கே பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ ஆட்டமே இல்லை, மாணவர் கிளப். கணக்கில் வராத அணிக்குப் பத்தாண்டு பயிற்சியாளராக இருந்துவிட்டு, 1973இல்தான் கணக்கில் வந்தார். அதன்பின் 31 பருவங்கள், ஆறு தேசியப் பட்டங்கள். முதல் பட்டத்துக்கு 1982இல் டியூக்கோடு எட்டுக் கூடுதல் நேரங்கள் ஆட வேண்டியிருந்தது. 2003இல் அவருடைய கடைசி ஆட்டம் ஓர் இறுதி ஆட்டம். அதையும் வென்றுவிட்டே போனார்.

பிற்காலப் பயிற்சியாளருக்குப் பட்டறை வேலையும் தபால் பையும் இல்லை. பதிலுக்குக் கணக்குப் பாடம் வந்து சேர்ந்தது. கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் ஓர் ஆண்கள் கால்பந்து அணிக்கு நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டிருந்த முழு உதவித்தொகைகள் 9.9. பத்து என்று சொல்ல யாருக்கு என்ன தடையோ! களத்தில் நிற்கப் பதினோரு பேர், அணியில் மொத்தம் இருபத்தைந்துக்கு மேல். ஒருவனுக்குப் பாதி, இன்னொருவனுக்குக் கால், மூன்றாமவனுக்குப் புத்தகச் செலவு என்று பங்கு போட்டு, ஒவ்வொருவன் அப்பா அம்மாவையும் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. எதிரணியின் பின்களத்தைப் பிளப்பதைவிடக் கடினமான வேலை அது.

1950க்குப் பிறகு அமெரிக்கா உலகக் கோப்பையில் கால் வைக்க 40 ஆண்டுகள் ஆயின. 1990இல் அழைத்துப் போன பாப் கான்ஸ்லர் கல்லூரிப் பயிற்சியாளர். மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. 1998இல் ஸ்டீவ் சாம்ப்சன், அவரும் கல்லூரியிலிருந்து வந்தவர். மீண்டும் மூன்று தோல்வி. 2002இல் போர்ச்சுகலைத் தோற்கடித்து, மெக்சிகோவை வெளியேற்றி, காலிறுதியில் ஜெர்மனியிடம் ஒரே கோலில் தோற்றதும் ஒரு கல்லூரிக்காரர் நடத்திய அணிதான். அவர் புரூஸ் அரீனா. வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு 1978இல் வந்தபோது கால்பந்துக்குத் தலைமைப் பயிற்சியாளர், லக்ராஸ் ஆட்டத்துக்குத் துணைப் பயிற்சியாளர். இரண்டாவது உத்தியோகம் என்ற மரபை அவரும் விடவில்லை.

வால்டர் பார் என்ன ஆனார்? 1974இல் பென் ஸ்டேட்டுக்கே தலைமைப் பயிற்சியாளராக வந்தார், ஜெஃப்ரி உட்கார்ந்த அதே நாற்காலிக்கு. அணி ஆடும் மைதானத்துக்குப் பெயரே ஜெஃப்ரி மைதானம். 1988 வரை இருந்தார். சற்றுத் தள்ளி, இன்று லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் பீவர் அரங்கில் முட்டைப் பந்து ஆட்டம் நடந்தது. பாரின் மகன்கள் கிறிஸ், மாட் இருவரும் பென் ஸ்டேட்டில் இரண்டு ஆட்டத்தையும் ஆடினார்கள். கால்பந்துக் குடும்பத்தில் பழகிய உதை அந்த இன்னொரு ஆட்டத்தில் விலைபோயிற்று. இருவரும் தொழில்முறை உதைப்பாளர்களாகி, அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஆளுக்கு இரண்டு முறை வென்றார்கள். 1991 ஜனவரியில், சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக மாட் ஐந்து முறை உதைத்துப் பதினைந்து புள்ளி எடுத்தார். மற்றவர்கள் யாரும் அந்த அணிக்கு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஸ்கோர் 15–13.