வாய்மொழித் தேர்வின் வரம்பு

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை நீளும் நம் பகுதியில் நேர்முகத் தேர்வை அறியாத வீடு அரிது. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை சான்றிதழ்களை மார்போடு அணைத்தபடி ஆலை வாயிலில் நிற்கிறான். ஐந்து நிமிடம் பேசி அனுப்பிவிடுகிறார்கள். ஏன் எடுத்தார்கள், ஏன் விட்டார்கள் என்று எவரும் சொல்வதில்லை. தனியார் ஆலைதானே என்று நாமும் ஆறியிருந்துவிடுகிறோம். அத்தொழிலாளியின் வழக்கை நாளை விசாரிக்கப்போகும் நீதிபதியின் தேர்வும் இப்படியே நடந்தால்?

கேரளத்தில் இது வழக்காகவே எழுந்தது. 2015 செப்டம்பரில் அம்மாநில உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிபதிப் பணிக்கு விண்ணப்பங்கள் கோரியது. எழுத்துத் தேர்வுக்கு 300 மதிப்பெண், வாய்மொழித் தேர்வுக்கு 50. பின்னதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் கிடையாது என்று தேர்வுத் திட்டமே கூறியிருந்தது. 2017 ஜனவரியில் வாய்மொழித் தேர்வும் முடிந்தது. அதன் பிறகே, பிப்ரவரியில், குறைந்தபட்ச வரம்பொன்று விதிக்கப்பட்டது. மொத்தக் கூட்டலில் முந்தி நின்ற சிலர் வெளியேற, பிந்தியவர்கள் உள்ளே சென்றனர். ஓட்டம் முடிந்தபின் எல்லைக்கோட்டை நகர்த்தியதற்கு ஒப்பானது இது!

உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2023 ஜூலை 12 அன்று அச்செயல் விதிக்கு முரணானது, தன்னிச்சையானது என்று தீர்ப்பளித்தது. எனினும் தேர்வு பெற்றோர் ஆறாண்டுகள் பணியாற்றிவிட்டமையால் அவர்களை விலக்கவில்லை. மனுதாரர்களுக்குப் பதவியும் வழங்கவில்லை. அவர்களுடைய தகுதிக்கு இது குறையாகாது என்று மட்டும் குறிப்பிட்டது. வழக்கிலே வென்றனர், வாழ்க்கையிலே என்ன பெற்றனர்? அந்த ஆறாண்டுத் தாமதம் அவர்களால் விளைந்ததன்றே.

வரம்பை முன்னரே அறிவித்துவிட்டால்? நீதிபதி ஜெகந்நாத ஷெட்டி ஆணையம் வாய்மொழித் தேர்வுக்கு அத்தகைய வரம்பே கூடாதென்று பரிந்துரைத்திருந்தது. அதை ஆதாரமாகக் காட்டிப் பீகார், குஜராத் விதிகளை எதிர்த்து வந்த வழக்கில், முன்கூட்டியே விதித்த வரம்பு செல்லும் என்று 2024 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிபதிக்கு நிதானமும் பேச்சில் தெளிவும் வேண்டும், அவற்றை விடைத்தாள் காட்டாது என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் எழுத்துத் தேர்வில் விடைத்தாளைத் திருத்துபவர் எழுதியவரின் முகத்தைக் காண்பதில்லை. வாய்மொழித் தேர்விலோ உடையும் உச்சரிப்பும் தந்தையின் தொழிலும் முன்னே வந்து அமர்ந்துகொள்கின்றன. அங்கே ஒரு மதிப்பெண் குறைந்தாலும் எழுத்துத் தேர்வின் உழைப்பு அத்தனையும் வீணாவது நமக்கு நெருடலாகவே இருக்கிறது.

பட்டரைப்பெரும்புதூரிலும் புதுப்பாக்கத்திலும் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நம் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் செல்கின்றனர். உரிமையியல் நீதிபதித் தேர்வை நம் மாநிலத்தில் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. மொழிபெயர்ப்புத் தாளுக்கும் சட்டத் தாள்களுக்கும் இரவு கண்விழித்துப் படிக்கலாம். வாய்மொழித் தேர்வுக்குப் பழக்கிவிட, வீட்டில் வழக்கறிஞர் எவருமில்லை. மூத்த வழக்கறிஞர் எவரேனும் ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம் அவர்களை எதிரே அமர்த்திக் கேள்வி கேட்க முன்வந்தால், இடம் தேடித் தர நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.