1005

ஜூன் 20, 2024

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. 61 நாள் கையில் காசில்லாமல் இருந்த வீடுகளில் மறுபடியும் பரபரப்பு. அதனால் மாலை வகுப்பில் கூட்டம் குறைந்துவிட்டது. அம்மா மீன்கூடையோடு கிளம்பினால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்றுதான் விழும். ஏன் வரவில்லை என்பதைக் கடலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் பட்டயப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதற்குள் பிள்ளைகளோடு பழகிவிட வேண்டும் என்று வைத்திக்குப்பத்தில் இளைஞர்கள் சிலர் நடத்தும் இந்த வகுப்புக்கு வருகிறேன். மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை எல்லாரும் ஒரே பாயில். அவர்களுக்கு நான் ‘அக்கா’.

ஜூலை 4

நூற்றி அஞ்சு எழுதச் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் பெண் 1005 என்று எழுதினாள். நூற்றி இருபத்தஞ்சு? 10025. கொஞ்சமும் தயக்கமில்லை.

“எப்படி எழுதின?”

“நூறு எழுதினேன்க்கா. அப்புறம் அஞ்சு எழுதினேன். நீங்க அப்படித்தான சொன்னீங்க?”

அப்படித்தான் சொன்னேன். காதில் விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறாள். நூறு என்ற ஓசைக்குள் மூன்று இடங்கள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு பின்னால் வரும் எண்ணுக்காகக் காலியாகக் காத்திருக்கின்றன என்பதை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு 105 என்று பக்கத்தில் எழுதிவிட்டால் அவள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வாள். நூற்றி ஆறு கேட்டால் மறுபடியும் 1006தான் வரும்.

100 என்று ஒரு அட்டை, 5 என்று ஒரு சின்ன அட்டை வெட்டிக் கொடுத்தேன். சின்னதைத் தூக்கிப் பெரியதன் கடைசிப் பூஜ்யத்தின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு 20 அட்டையைக் கேட்டாள்.

ஜூலை 11

இன்று எழுத்து. ‘பெட்டி’யில் கொம்பை ப-வுக்குப் பின்னால் போடுகிறான் ஒரு பையன். வாய் முதலில் ‘ப்’ என்கிறது, எ-ஓசை அதன்பிறகு வருகிறது. கை மட்டும் கொம்பை முதலில் போட வேண்டும் என்றால் அவனுக்கு அது அநியாயமாகப் படுகிறது. ‘கொ’ இன்னும் மோசம், ஒரே ஓசைக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிற நமக்கு இது பழகிப்போய்விட்டது. பழகிப்போன கண்ணுக்கு எட்டு வயதுக் குழந்தையின் சிரமம் படுவதேயில்லை.

இதைப் பார்க்க அவசரமில்லாத நேரம் வேண்டும். பையனின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பென்சில் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில், நிறைந்த வகுப்பில், நல்ல ஆசிரியருக்கும் இது எளிதில் வாய்க்காது. எனக்கு இங்கே வாய்க்கிறது.

ஜூலை 27

காலையில் பெரிய மார்க்கெட். எங்கள் வகுப்பின் ஐந்தாவது படிக்கிற பெண் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கூறு மீன் எண்பது ரூபாய். மூன்று கூறு வாங்கியவர் ஐந்நூறு நீட்டினார். நோட்டைக் கையில் வாங்குமுன் “இருநூத்தி அறுபது” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

மாலையில் 500 − 240 என்று நோட்டில் போட்டுக் கொடுத்தேன். விடை 340. பத்தாமிடத்தில் மேலே பூஜ்யம், கீழே நாலு. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டாள். மார்க்கெட்டில் அவள் அப்படிச் செய்யவில்லை. 240-லிருந்து 300 வரை அறுபது, அங்கிருந்து 500 வரை இருநூறு என்று ஏறிப் போயிருக்கிறாள். கேட்டபோது விரலை மடக்கிக் காட்டினாள்.

பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்கும் பிள்ளைகளிடம் இதையே ஆராய்ந்து 1985இல் மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: தெரசினா நூனெஸ் காராயர், டேவிட் காராயர், அனலூசியா ஷ்லீமன். ஐந்தே பிள்ளைகள்தான். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே வகைக் கணக்கை எண்களாக மட்டும் எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37. அங்கே தேங்காய் விற்ற பையனுக்கும் இங்கே கூறு விற்கும் பெண்ணுக்கும் நடுவில் இரண்டு பெருங்கடல்களும் ஒரு கண்டமும் இருக்கின்றன. கணக்கு ஒன்றுதான்.

கணக்கு வராது என்று அவள் அம்மாவே என்னிடம் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் அவரை வகுப்புக்குக் கூப்பிட்டு, மகள் மார்க்கெட்டில் போட்ட கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டப் போகிறேன்.

ஆகஸ்ட் 16

விடுமுறை. 1962இல் இந்த நாளில்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பெருமாள் கோயில் தெரு வழியாக நடந்தேன். பாரதிதாசன் வாழ்ந்த வீடு அங்கேதான், இப்போது அருங்காட்சியகம். 1909இல் காரைக்கால் பக்கம் நிரவியில் ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. 1946 வரை வாத்தியார் வேலை. கவிஞராக ஊர் கொண்டாடும் மனிதர், முப்பத்தேழு வருடம் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றவர். அந்தப் பாதியைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

கற்பித்தே கற்பிக்கப் பழகுவது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்கு மணலில் எழுதிக் காட்டுவான். 1789இல் சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சின்னவர்களுக்கு ஆசிரியனாக்கினார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

பரவியதற்கு ஒரு காரணம் செலவு குறைவு. அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நம் பக்கத்து மரக்காணத்தை ஒட்டிய முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மாலை நேரத்தில் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த உழைப்பு மிகப் பெரியது. ஆனால் தன்னார்வலர் இருக்கிறார் என்பதற்காகப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கக்கூடாது. என்னைப் போன்றவர்களுக்கு இந்த வகுப்பு கற்றுக்கொள்ளும் இடம். பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய முழு ஆசிரியருக்கு நான் ஈடாக மாட்டேன்.

அக்டோபர் 22

பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. இரண்டு வருடப் படிப்பில் இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி. அதில் பெரும்பகுதி இரண்டாம் வருடத்தில்.

பாடத்திட்டம் எழுதப் பழகுகிறோம். நோக்கம், துணைக்கருவி, ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு. ‘பிள்ளை இங்கே எப்படித் தவறலாம், ஏன்’ என்று ஒரு பத்தி என் நோட்டில் நானே சேர்த்துக்கொண்டேன். அதில் 1005-ஐயும் 340-ஐயும் பார்த்த தோழி, இதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் எடுத்தாய் என்று கேட்டாள். சனிக்கிழமை அவளும் வைத்திக்குப்பம் வருகிறாள். முப்பது பேர் முன்னால் நின்று பேசப் பழகுவதற்குமுன், ஒவ்வொரு பயிற்சி மாணவரும் ஒரே ஒரு குழந்தையின் பக்கத்தில் சில மாதம் உட்கார வேண்டும். முதல் வருடத்திலேயே, மதிப்பெண்ணோடு. பயிற்றுநரிடம் இதை எழுதிக் கேட்கப்போகிறேன்.

டிசம்பர் 6

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு நமக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரை ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை. இன்றுதான் வகுப்பு திறந்தோம். பாய்கள் இன்னும் காயவில்லை.

46 சென்டிமீட்டர் எவ்வளவு உயரம்? அடிக்கோலை ஒன்றரைத் தடவை வைத்து ஒவ்வொருவர் காலிலும் அளந்தோம். சின்னவர்களுக்கு முட்டிக்கு மேலே. அப்போதுதான் ஆறாம் வகுப்புப் பையன், இதுவரை வாய் திறக்காதவன், கேட்டான்: “கிருஷ்ணா நகர்ல எங்க பெரியம்மா வீட்ல இடுப்புக்கு மேல தண்ணிக்கா. மழை முட்டி வரைக்கும்தான பேஞ்சிது?”

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் உடனே சொல்லவில்லை. ஒரு பெண், “மேட்டுத் தெருத் தண்ணியும் அங்கதான போவும்” என்றாள். இன்னொருவன், வாய்க்கால் அடைத்திருக்கும் என்றான். பெரிய வாய்க்கால் எங்கே தொடங்கிக் கடலில் எங்கே சேருகிறது என்று அடுத்த கேள்வி.

நாளைக்கு ஒரு தாம்பாளம், கொஞ்சம் களிமண், இரண்டு சொம்புத் தண்ணீர். மேடும் பள்ளமும் அவர்களே செய்யட்டும். பெரியம்மா வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளந்துவரும் பொறுப்பு கேள்வி கேட்டவனுக்கு.