உள்ளங்கையளவு ரப்பர்

குதிரை வாங்கப் புறப்பட்டவர்கள் அதன் குளம்பைப் பார்த்துத்தான் விலை பேசினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சுழி பார்ப்பதும் நிறம் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான். குளம்பு கெட்ட குதிரை எத்துணை அழகாய் இருந்தாலும் ஏறியவனை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்காது. இராவுத்தர் என்னும் சொல்லுக்கே குதிரைவீரர் என்பது பொருள். அப்பெயரைத் தாங்கிய குடும்பங்கள் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மிகப் பல. குதிரை போயிற்று, மாட்டுவண்டி போயிற்று, சைக்கிளும் பின்தங்கிவிட்டது. இன்று எங்கள் வாசல்களில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. ஆனால், குளம்பு பார்க்கும் அந்தப் பழைய அறிவு மட்டும் நம்மோடு வரவில்லை. என்ஜினின் வலிமையைக் கேட்கிறோம், வண்ணத்தைப் பார்க்கிறோம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விசாரிக்கிறோம். மண்ணைத் தொடுவது எதுவோ, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பவர் அரியர்.

இத்தனைக்கும் ஓடுகின்ற மோட்டார் சைக்கிளில் ஒரு டயர் எந்த நேரத்திலும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவுதான். முன்னே ஒரு கையளவு, பின்னே ஒரு கையளவு. வண்டியின் எடை, ஓட்டுபவரின் எடை, பின்னால் அமர்ந்திருப்பவரின் எடை, இவர்களை நம்பி வீட்டில் இருப்பவர்களின் கவலை அனைத்தையும் அந்த இரண்டு உள்ளங்கைகளே தாங்குகின்றன.

என் மகனுடைய வண்டியின் டயர்கள் தேய்ந்து, மழைக்காலத்துக்கு முன் மாற்றியாக வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் என் கருத்து இப்பொருளில் சென்றது. அவனுடையது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 411 சி.சி. வகை. 2023இல் 450 வகை வரும்வரை ஹிமாலயன் என்றால் அதுதான். பெயர் உணர்த்துவது போலவே மலைக்கும் கரடுமுரடான நிலத்துக்கும் ஏற்ப வகுக்கப்பட்ட வண்டி. முன்சக்கரத்தின் ரிம் 21 அங்குலம். பின்சக்கரத்தின் ரிம் 17 அங்குலம். பெரிய முன்சக்கரம் குழியையும் கல்லையும் எளிதில் கடந்துவிடும். இத்தகைய வண்டிகளைச் சாகச வண்டிகள் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. பனிமலை உச்சியில், ஆற்று நீரைக் கிழித்துக்கொண்டு நிற்பது போல் படம் போடுகிறார்கள்.

எங்கள் வீட்டு ஹிமாலயன் போகுமிடம் வேறு. காமயகவுண்டன்பட்டியின் திராட்சைப் பந்தல்களைக் கடந்து கம்பம். அங்கிருந்து கூடலூர், லோயர் கேம்ப். பிறகு மலையேறிக் குமுளி. மகன் அங்கே ஏலக்காய்க் கடையொன்றில் கணக்கெழுதுகிறான். மருமகள் ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. காலையில் இருவரும் ஒன்றாகப் புறப்பட்டு, மாலையில் ஒன்றாகத் திரும்புகிறார்கள். அவர்கள் திரும்பும்வரை பேத்தி என் மடியில் இருப்பாள். மழை பெய்யும் மாலைகளில் வாசற்பக்கம் அவள் ஒருமுறை பார்த்தால், நான் இருமுறை பார்ப்பேன்.

டயர் மாற்ற வேண்டும் என்றவுடன் வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றின. மகன், பெரிய பெரிய பட்டன்கள் இடைவெளி விட்டு நிற்கும் மண்பாதை டயரைத்தான் போட வேண்டும் என்றான். “அத்தா, இந்த வண்டிக்கு அழகே அதுதான். மாதம் இரண்டு மூன்று தடவை முதலாளியின் ஏலத்தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் அந்தப் பாதை முழுதும் சேறு” என்பது அவன் வாதம். மருமகள் அதிகம் பேசுபவள் அல்லள். “மாமா, ஓட்டுகிறவருக்குக் கைப்பிடி இருக்கிறது, பிரேக் இருக்கிறது. பின்னால் இருக்கிற எனக்கு இந்த டயர் ஒன்றுதான் இருக்கிறது. மழையில் மலை இறங்கும்போது எது நிற்குமோ அதைப் போடச் சொல்லுங்கள்” என்றாள்.

இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆசையைக் கொண்டு தீர்க்க முடியாததைக் கணக்கைக் கொண்டு தீர்க்கலாம் என்று எண்ணினேன். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு மாதம் முழுதும் வண்டி போன இடங்களை எழுதி வைக்கும்படி மகனிடம் சொன்னேன். கணக்கெழுதுவது அவன் தொழில், மறுக்கவில்லை. மாத முடிவில் கூட்டிப் பார்த்தபோது, ஓடியது 1,550 கிலோமீட்டர். அதில் மண்ணும் சேறுமான பாதை 40 கிலோமீட்டர். நூற்றுக்கு மூன்று கூட இல்லை.

ஆயினும் தொலைவை மட்டும் எண்ணினால் போதாது. அந்த 40 கிலோமீட்டரில்தான் ஆபத்து மிகுதி என்றால், அதற்கேற்ற டயரே வேண்டும் என்று வாதிட இடமுண்டு. எனவே, வழுக்கினால் என்ன ஆகும் என்றும் பார்த்தோம். தோட்டத்துப் பாதையில் வண்டி நடை வேகத்தில் போகிறது. சறுக்கினால் உடை அழுக்காகும். முழங்காலில் சிராய்ப்பு ஏற்படும். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையிலோ வளைவுக்கு வளைவு பேருந்து எதிரே வருகிறது. தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் விரைகின்றன. சபரிமலைக் காலமானால் வாகனங்கள் வரிசை வரிசையாய் வருகின்றன. அங்கே சறுக்கினால் விழும் இடம் இன்னொரு வாகனத்தின் முன்னால். தொலைவின் கணக்கும், ஆபத்தின் கணக்கும் ஒரே பக்கத்தைக் காட்டின.

தார்ச்சாலையில் பெரிய பட்டன் டயர் ஏன் பின்தங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சேற்றில் பட்டன்கள் மண்வெட்டியின் பல்லைப் போல் குத்தி இறங்கிப் பிடிக்கின்றன. இடையிலுள்ள அகன்ற வெளிகள் சேற்றை உதறிவிடுகின்றன. தார் கெட்டியான தளம். அதில் குத்தி இறங்க முடியாது. அங்கே பிடிப்பைத் தருவது தளத்தில் படியும் ரப்பரின் பரப்புத்தான். பட்டன்களுக்கு நடுவே உள்ள வெளியெல்லாம் தாரில் வீணான இடம். உள்ளங்கையளவு இடத்திலும் பாதி காற்றுக்குப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, உயரமான பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் தாமே வளைந்து கொடுக்கின்றன. வண்டி நெளிவது போல் ஓட்டுபவருக்குத் தோன்றும். சத்தமும் மிகுதி. தேய்மானமும் விரைவு.

அப்படியானால் முற்றிலும் சாலைக்கென்றே செய்த டயரைப் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். எங்கள் மலைச்சாலையை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். ஒரு நல்ல மழைக்குப் பின் வளைவுகளில் சரளைக் கற்கள் அடித்து வந்து கிடக்கும். ஓரங்களில் செம்மண் வழிந்திருக்கும். இலையும் சருகும் ஈரத்தில் ஒட்டியிருக்கும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கொட்டும். வடகிழக்குப் பருவமழை பள்ளத்தாக்கில் பெய்யும். ஆண்டில் பாதி நாள் இச்சாலையின் ஏதோ ஒரு பகுதி ஈரமாகவே இருக்கும். ஆகவே, நடுப்பகுதியில் பட்டன்கள் நெருங்கி அமைந்து, நீரை வெளியேற்ற ஆழமான கோடுகளும், ஓரங்களில் ஓரளவு வெளியும் உள்ள நடுத்தர வகையே பொருத்தம் என்று முடிவு செய்தோம். இவ்வகைகளை 80க்கு 20, 50க்கு 50 என்று சாலைக்கும் மண்ணுக்குமாகப் பங்கிட்டுக் கூறுவது வணிக வழக்கம். அது ஒரு பொது அளவுகோலால் அளந்த எண் அன்று, செய்பவரின் மதிப்பீடு. எண்ணை நம்புவதைவிட டயரைக் கையால் தடவிப் பார்ப்பது மேல்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. பச்சை ரப்பர் வெயிலில் இளகும்; குளிரில் இறுகி வெடிக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையை 1839இல் கண்டறிந்தவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். காற்றடைத்த டயருக்கு 1845இல் உரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர். ஆனால், அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல்பாவிய தெருவில் கடகடவென்று குலுங்குவதைக் கண்டு, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். அதிலிருந்துதான் காற்று டயர் உலகெங்கும் பரவியது. ஒரு தந்தை தன் பிள்ளை போகும் தெருவைப் பார்த்தார். அந்தத் தெருவுக்கேற்ற டயரைச் செய்தார். நாம் செய்ய வேண்டியதும் அதுவே.

ரப்பரும் நமக்குத் தூரத்துப் பொருளன்று. குமுளியிலிருந்து கோட்டயம் செல்லும் நெடுஞ்சாலையைக் கே.கே. ரோடு என்பார்கள், எங்கள் ஊரையும் சுருக்கிக் கே.கே.பட்டி என்பார்கள். அந்தச் சாலையில் மலையிறங்கி முண்டக்கயம் பக்கம் போனால் ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கிவிடும். ரப்பர் வாரியத்தின் தலைமையகமே கோட்டயத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம், மதுரையில், 1982இல் தொடங்கிய டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா நிறுவனம் இரு சக்கர வண்டிகளுக்கான டயர்களைச் செய்துவருகிறது. பால் வடிவதும் டயர் உருவாவதும் நம் கண்ணுக்கு எட்டிய தொலைவில்தான். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படிக்க மட்டும் நாம் பழகவில்லை.

அதைப் படிப்பது கடினமன்று. எங்கள் வண்டியின் முன் டயரில் 90/90-21 என்றிருக்கும். முதல் எண், டயரின் அகலம் 90 மில்லிமீட்டர் என்பது. இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு 90 பங்கு, அதாவது 81 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது, ரிம்மின் விட்டம் அங்குலத்தில். பின் டயருக்கு 120/90-17. தடித்த டயர் கம்பீரமாயிருக்கும் என்று அளவை மாற்றுபவர்கள் உண்டு. அளவு மாறினால் வண்டி சாயும் இயல்பும் மாறும். செயினிலோ மட்கார்டிலோ உரசவும் கூடும். கம்பெனி சொன்ன அளவே நன்று. அளவுக்கு அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் வரும். எண், தாங்கும் சுமையைக் குறிப்பது: 54 என்றால் 212 கிலோ, 64 என்றால் 280 கிலோ. எழுத்து, வேக எல்லையைக் குறிப்பது: எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். தினமும் இருவர் ஏறும் வண்டிக்குச் சுமை எண்ணே முதன்மையானது. அது கம்பெனி குறித்ததற்குக் குறையக் கூடாது.

இன்னொரு நான்கிலக்க எண் உண்டு. அது டயர் பிறந்த தேதி. 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ரப்பர் ஓடாமல் கடையில் இருந்தாலும் நாளாக ஆக இறுகும். இறுகிய ரப்பர் ஈரத்தில் பிடிப்பை இழக்கும். கடைக்கு மூவரும் போனோம். கடைக்காரர் எடுத்து வைத்த டயரில் அந்த எண்ணைத் தேடிப் படித்தவள் என் மருமகள்தான். மூன்றாண்டுப் பழையது. கேட்டவுடன் அவர் தடையின்றி உள்ளே போய்ப் புதியதை எடுத்துவந்தார். கேட்காதவருக்குப் பழையது போகும். வணிகத்தின் இயல்பு அது.

பின் டயர்தான் அதிகம் தேய்ந்திருந்தது. என்றாலும் இரண்டையும் ஒரே தயாரிப்பில், ஒரே வகையில் மாற்றினோம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கே. அதை அரைகுறையாய் விடுவதற்கில்லை. ஸ்போக்ஸ் சக்கரமாகையால் உள்ளே ட்யூப் உண்டு. டயரோடு ட்யூபும் ரிம்மின் உட்பட்டையும் புதிதாக்கினோம். டயரில் போட்டிருக்கும் அம்பு, சக்கரம் சுழலும் திசையைப் பார்க்கிறதா என்று கவனித்தோம். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாயிருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி அதைப் பழக்க வேண்டும். அதன் பிறகு வாரம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது, காற்றளவு பார்ப்பது மருமகளின் பொறுப்பாயிற்று. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பட்டன்களின் இடைக்கோடுகளில் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகும் நாள், டயரின் கடைசி நாள்.

முழுதும் நன்மையே விளைந்தது என்று சொல்லமாட்டேன். தோட்டத்துப் பாதையில் ஒருநாள் பின்சக்கரம் சேற்றில் சுழன்று நிற்க, மகன் இறங்கித் தள்ளி, முழங்கால்வரை சேறாக வந்தான். வண்டிக்கு முன்பிருந்த மிடுக்கு இல்லை என்னும் குறை அவனுக்கு இன்னும் இருக்கிறது. இவையே நாங்கள் கொடுத்த விலை. பெற்றது என்னவென்றால், மழை மாலைகளில் இருவரும் வழக்கம்போல் வீடு வந்து சேர்கிறார்கள். நடவாத விபத்தைப் பற்றி எழுத எவரிடமும் செய்தி இராது.

நம் வீடுகளில் பிள்ளைகள் இத்தகைய வண்டிகளை விரும்பி வாங்குகிறார்கள். விரும்பட்டும், இளமைக்கு மலைமேல் ஆசை இருப்பது குற்றமன்று. டயர் தேயும்போது மட்டும், படத்தில் பார்த்த மலையை ஒருபுறம் வைத்துவிட்டு, தினம் போய்வரும் சாலையை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். செல்லும்போது, பின்னால் அமர்ந்து வருபவர் தாயோ, மனைவியோ, தங்கையோ, அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.