மூடி திறந்தால்தான் பேட்டரி

மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம். போர்ஷே 911 ஒன்று தூசி படிந்து நிற்கிறது. மாதக்கணக்கில் ஓட்டாததால் பேட்டரி அடியோடு இறங்கிவிட்டது. இந்த வண்டிக்கு என்ஜின் பின்னால், டிக்கி முன்னால். பேட்டரி இருப்பது அந்த முன் டிக்கிக்குள். டிக்கியின் பூட்டோ கரண்ட் இருந்தால்தான் திறக்கும். பேட்டரியைத் தொட மூடி திறக்க வேண்டும், மூடி திறக்க பேட்டரி வேண்டும்!

அடையாறு பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கோடு நாமும் போயிருந்தோம். அம்பாசடரில் தொழில் கற்றவர். வந்தவர் முன் மூடியின் பக்கமே போகவில்லை. சாவியைக் கதவில் நுழைத்துத் திருகினார். கால் வைக்கும் இடத்தில், பக்கவாட்டில் இருந்த ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே சிவப்பாக ஒரு முனை. பிடித்து இழுத்தால் வெளியே வருகிறது. கம்பெனிக்காரன் இதற்கென்றே வைத்தது.

ஹெல்பர் பையன் தூக்கி வந்த பேட்டரியின் பிளஸ் ஒயர் அந்தச் சிவப்பு முனைக்குப் போனது. மைனஸ் ஒயரை, கதவு வந்து மாட்டிக்கொள்ளும் இரும்புக் கொக்கியில் கடிக்க விட்டார். உடனே அலாரம் அலற, வாட்ச்மேன் ஓடி வந்தார். ரிமோட்டை அழுத்தியதும் சத்தம் அடங்கியது. டிக்கி சுவிட்சை இழுத்தார். முன்னால் ‘டப்’ என்று பூட்டு விட்டது.

“இதுலயே ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க சார், இது மூடிக்கு மட்டும்தான்” என்றார் உரிமையாளரிடம். செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்டுக்கு அந்த வழி தாங்காது.

எல்லாக் கம்பெனியும் இதே இடத்தில் வைப்பதில்லை. சில ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் லைனரைக் கழற்றினால் அவசரக் கேபிள் ஒன்று சுருண்டு கிடக்கும். டெஸ்லா மாடல் 3-இல், முன் பம்பரில் இழுவைக் கொக்கி மாட்டும் துளையின் மூடிக்குப் பின்னால் இரண்டு ஒயர்கள்.

ஷெட்டுக்கு அன்றாடம் வருவது இத்தனை பகட்டான சிக்கல் இல்லை. கேபிள் அறுந்த சாதாரணக் கார்கள்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடல்காற்றில் பானெட் பூட்டு துருவேறி இறுகிவிடுகிறது. லிவரை முரட்டுத்தனமாக இழுக்கிறார்கள். உள்ளே ஓடும் ‘இன்னர்’ கம்பி அறுகிறது. லிவர் பக்கம் அறுந்தால் வேலை சுலபம்: மிஞ்சிய கம்பியை வைஸ் கிரிப்பில் கவ்வி இழுக்கலாம். ஆனால் ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் பானெட்டை உள்ளங்கையால் அழுத்திக்கொள்ள வேண்டும். ரப்பரும் ஸ்பிரிங்கும் மூடியை மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால் கொக்கி இறுகிக் கிடக்கும். அழுத்தினால்தான் அது தளரும். பூட்டுப் பக்கம் அறுந்துவிட்டால் கிரில் இடுக்கில் டார்ச் அடித்து, வளைத்த கம்பியை விட்டுத் துழாவ வேண்டும். இல்லையென்றால் அடியில் படுத்து என்ஜின் கவரைக் கழற்றிக் கை விட வேண்டும். கடப்பாரை போட்டு நெம்புகிற ஆளும் ஊரில் உண்டு. அறுந்த கேபிளை மாற்றுவதோடு போயிருக்கும் செலவு, டிங்கர், பெயின்டர் என்று நீளும்.

புதுக் கேபிள் போடும்போது இந்த மெக்கானிக் பூட்டில் இன்னொரு மெல்லிய கம்பியையும் கட்டி, வெளியே தெரியாமல் மறைத்து விடுகிறார். எங்கே என்பது உரிமையாளருக்கு மட்டும் தெரியும். பேட்டரி திருடனுக்கும் தெரிந்துவிடக் கூடாதே!

இந்தத் தலைவலியே இல்லாத வண்டி ஒன்று சென்னையிலேயே தயாரானது. வண்டலூர் அருகே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு பானெட் கேபிள் கிடையாது. இரு பக்கமும் வெளியிலேயே உள்ள கொக்கிகளை விடுவித்தால் மூக்கு முழுவதும் முன்னோக்கிச் சாயும். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே ஏற்பாடுதான்.

அவசர வழி இருந்தும் தெரியாமல் போவதன் விலை சில சமயம் பெரிது. 2015 ஜூனில் அமெரிக்காவின் டெக்சாஸில் 72 வயதுக்காரர் ஒருவர் தம் கார்வெட் காருக்குள் சிக்கி வெயிலில் இறந்தார். கூட இருந்த நாயும் இறந்தது. பேட்டரி ஒயர் கழன்றதால் மின்பூட்டுக் கதவு திறக்கவில்லை. கையால் திறக்கும் லிவர் சீட்டுக்குப் பக்கத்தில், தரையில் இருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டு, கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அதற்கும் மூடி திறந்தாக வேண்டும்.

ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் வண்டிக் கையேட்டில் அவசரத்துக்கு மூடி திறக்கும் வழியைச் சொல்லும் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். ரிமோட்டை மறந்துவிட்டு, சாவியால் ஒருமுறை கதவைத் திறந்து பாருங்கள். படித்த பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கையேட்டை மட்டும் முன் டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.