பெயில்

1988 வாக்கில் காங்கேயம் பெரியார் மாவட்டத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டாளியின் குடும்பம் வேலை செய்த கொப்பரைக் களத்துக்குத்தான் ஓடுவேன். ஆண்கள் காயை இரண்டாக உடைத்துப் பரப்புவார்கள். வெயிலில் பருப்பு சுருங்கியதும் பெண்கள் அதைத் தேங்காய்த் தொட்டியிலிருந்து நோண்டி எடுப்பார்கள். மேகம் கறுத்தால் ஆளுக்கொரு பக்கம் படுதாவை இழுப்போம். எனக்கு அது விளையாட்டு. மழை பிடித்துக்கொண்டால் அந்த வாரம் அவர்கள் வீட்டில் அரிசியும் கடன்தான்.

நல்ல வாரங்களைக் கணக்கிட்டால் அவர்கள் மூன்று பேர் கூலி என் அப்பாவின் சம்பளத்தைத் தாண்டும். அப்பா அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை, பழைய எஸ்.எஸ்.எல்.சி. மழையோ வெயிலோ, முதல் தேதி அவருக்குச் சம்பளம் வந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சையில் நாங்கள் இரண்டு பேருமே பெயில். பத்தாவது தேர்ச்சி விகிதம் குறையாமலிருக்க ஒன்பதிலேயே வடிகட்டுவது அன்றைக்குப் பல பள்ளிகளில் நடந்ததுதான். அப்பா என் தலையில் ரெண்டு குட்டு வைத்தார். மறுநாள் காலையிலேயே வாத்தியாரைப் போய்ப் பார்த்து, "இன்னொரு வருசம் படிக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கூட்டாளியின் அப்பா கைநாட்டு. ரேங்க் கார்டை அவருக்குப் படித்துக் காட்டுகிறவனே அவன்தான். அந்த வீட்டில் படிப்பின்மேல் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்; நோட்டு வாங்கவென்று அவன் அம்மா முந்தானையில் காசு முடிந்து வைத்திருப்பார். ஆனால், "வாத்தியாரே பெயிலுன்னு எழுதிப்போட்டாரு, இனி என்னங்க பண்றது" என்று என் அம்மாவிடம் சொன்னவரும் அவர்தான். பள்ளிக்கூடம் பையனை அனுப்பிவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி சூடு பிடித்திருந்த காலம். கை மடிக்கப் பையன்கள் தேவைப்பட்டார்கள். சனிக்கிழமையானால் சம்பளம். ஜூனில் நான் பழைய வகுப்பிலேயே போய் உட்கார்ந்தேன். அவன் திருப்பூர் பஸ் ஏறினான். சீக்கிரமே கையில் வாட்ச் கட்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்து எனக்குப் பொறாமை.

வறுமைதான் பிள்ளைகளின் படிப்பை நிறுத்துகிறது என்பது பாதி நியாயம். மறுபடி எழுதலாம் என்று தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லாதது மீதி. கல்வி உரிமைச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதில் பெயிலாகிறவன் அதற்கு வெளியேதான் இருக்கிறான்.