சாச்சியின் சஹன்



போன விடுமுறையில் கொழும்புக்குப் போயிருந்தோம். சாச்சியின் மகளுக்கு வேலை கிடைத்து முதல் சம்பளம். "காக்கா, உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க, இண்டைக்கு ராச்சாப்பாடு என்ட செலவு" என்றாள்.

அவள் பிடித்திருந்த இடம் ஒரு பெரிய லெபனான் ரெஸ்டோரன்ட். கதவு திறந்துவிட ஒருவர், தண்ணீர் ஊற்ற ஒருவர். ஒரு சின்னத் தட்டு ஹும்முஸ் 2,800 ரூபா. வேறொன்றுமில்லை, நம்மட கடலையை அவித்து அரைத்து, எள்ளு விழுதும் தேசிப்புளியும் சேர்த்தது. விலையைப் பார்த்ததும் எனக்குப் பசி போய்விட்டது.

சாச்சி மெனுவைத் திறக்கவேயில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபோனில் படம் பார்த்து இடம் பிடித்த தங்கச்சி அதை யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தில் இருந்து எங்களை வெளியேற்றியபோது எனக்கு இரண்டு வயசு, சாச்சிக்குப் பதினேழு. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில்தான் அவவுக்குக் கலியாணம். கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. 2000இல் ஒன்றரை வயசுப் பிள்ளையை எங்கட உம்மாவிடம் விட்டுவிட்டு பெய்ரூட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனா. லெபனானின் 15 வருச உள்நாட்டுச் சண்டை ஓய்ந்ததும் அதே 1990 ஒக்டோபரில்தான். அவர்கள் திரும்பவும் வீடு கட்டி எழும்ப, அந்த வீடுகளில் வேலை செய்ய வீடிழந்த எங்கட பொம்பிளைகள் போனார்கள்.

சாப்பாடு வந்தது. மேசைக்கு வந்து விசாரித்த லெபனான்காரரிடம் சாச்சி அரபியில் ஏதோ கேட்டா. அதில் 'சஹன்' என்ற சொல் மட்டும் எங்களுக்கு விளங்கியது. தங்கச்சி சிரித்தாள். "சஹனா? இதென்ன உம்மா, கலியாண வீடா?"

"அங்க சஹன் எண்டா சும்மா தட்டுத்தான் மகள். அந்த வீட்டில எனக்கு ஒரு சஹன் புறம்பா இருந்தது. கோப்பையும் புறம்பா. அவங்கட சாமானோட சேத்துக் கழுவக்கூடாது."

ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவதைத்தான் நாம் சஹன் என்கிறோம். அதே சொல் ஆறு வருசமாக அவவைத் தனியே வைத்திருக்கிறது. தங்கச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது.

சாச்சி அழவில்லை. ரொட்டியைப் பிய்த்து ஹும்முஸில் தொட்டா. "தேசிப்புளி காணாது. கடலையை ஒவ்வொண்டாத் தோல் உரிக்கோணும், இவங்க உரிக்கேல்ல" என்றா. அந்த வீட்டு மூத்தம்மா நல்லவவாம், அவதான் சமையல் பழக்கினாவாம். ஆனால் 2006 ஜூலையில் குண்டு விழத் தொடங்க, வீட்டுக்காரர் மலைப்பக்கம் போய்விட்டார்கள். சாச்சி வீட்டுக்குக் காவல். பிறகு எப்படியோ வெளியே வந்து, டமஸ்கஸுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஊருக்கு. பதினெட்டு வருசத்தில் இதையெல்லாம் அவ சொன்னது அன்றைக்குத்தான். நாங்கள் கேட்டதும் இல்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் டியூஷன் காசு அவ அனுப்பிய டொலரில் இருந்துதான் வந்தது. ஸ்கூலில் பொடியன்கள் கேட்டால், "சாச்சி வெளிநாட்டில் ஒஃபிஸில் வேலை" என்பேன். இன்று நான் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுக்கிறேன்.

பில் வந்தது. தங்கச்சி கட்டினாள். சாச்சி மிச்சத்தைக் கட்டித் தரச் சொன்னா, உம்மாவுக்காம்.

சோனகத் தெருவிலும் புத்தளத்திலும் இப்படி எத்தனையோ சாச்சிமார் இருக்கிறார்கள். அவர்களின் காசில் வீடு கட்டினோம், படித்தோம், கலியாணம் செய்தோம். சபையில் அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "வெளிநாடு போனவ" என்று குரலைத் தாழ்த்துகிறோம். குரலைத் தாழ்த்த வேண்டியது அவர்களுக்காக இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், இந்த ஜும்ஆவுக்குப் பிறகு பக்கத்தில் இருந்து கேளுங்கள்: அங்கே நீங்கள் எங்கே இருந்து சாப்பிட்டீர்கள் என்று.

அவர்கள் எல்லோருக்கும் துஆச் செய்யுங்கள்.